மூச்சினால் நகரும் உலகம்
'ஆஸ்மோஸ்' என்னும் மெய்நிகர் படைப்பு – ஒரு திறனாய்வு

தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு, இல்லாத ஓர் உலகத்தினுள் நடமாடும் விந்தையைப் பற்றி இன்று கேள்விப்படாதவர் குறைவு. ஆங்கிலத்தில் 'வெர்ச்சுவல் ரியாலிட்டி' என வழங்கும் இதனைத் தமிழில் மெய்நிகர் உலகம் என்கிறோம். இத்தகைய கவசம் ஒன்று விற்பனைக்கு வரும்போதெல்லாம், அதன் திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்ற கணக்குதான் முதலில் பறைசாற்றப்படுகிறது. 2024ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'விஷன் புரோ' என்னும் கவசத்தில் இரு கண்களுக்குமாக 2 கோடியே 30 இலட்சம் புள்ளிகள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. புள்ளிகள் பெருகப் பெருக, காணும் உலகம் உண்மையை நெருங்கும். அதனுள் இருக்கிறோம் என்ற உணர்வும் வலுப்பெறும் என்பது இவ்வறிவிப்புகள் நம் மனத்தில் பதிய வைக்கும் கருத்து. இக்கருத்து சரிதானா?

இக்கேள்விக்கு விடை தேட, சற்றுப் பழைய படைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1995ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில், அங்குள்ள தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் 'ஆஸ்மோஸ்' என்ற மெய்நிகர் படைப்பு காட்சிக்கு வைக்கப்பட்டது. இதனை உருவாக்கியவர் ஷார் டேவிஸ் என்ற ஓவியப் பெண்மணி. இன்றைய கருவிகளுடன் ஒப்பிட்டால் அதன் படம் மிகவும் மங்கலானது. கூர்மையான விளிம்பு என்று எதுவுமே அதில் இல்லை. ஆயினும், சூழ்ந்து மூழ்கடிக்கும் வெளிகளை எவ்வாறு வடிவமைப்பது என்று கற்க விரும்பும் மாணவர் எவரும் இதனைக் கடந்து செல்ல இயலாது. இது கற்றுத் தரும் பாடத்தையும், இதில் உள்ள குறைகளையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணும் உடலும்

முதலில், மெய்நிகர் உலகம் எவ்வாறு நம்மை நம்ப வைக்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நம் இரு கண்களும் ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளியில் அமைந்துள்ளன. ஆகவே ஒரே பொருளை இரு கண்களும் சற்றே மாறுபட்ட கோணங்களில் காண்கின்றன. இவ்விரு காட்சிகளின் வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணிக்கிறது. கவசத்தினுள் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படத்தைக் காட்டினால், தட்டையான திரையிலும் ஆழம் தோன்றும். அடுத்து, தலை திரும்பும்போது படமும் அதற்கேற்ப உடனே மாற வேண்டும். ஒரு செகண்டின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லிசெகண்டு நேரத்திற்குள் இது நிகழ்ந்துவிட்டால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. தாமதம் கூடினால் மயக்கம் கலைந்துவிடும், தலையும் சுற்றும்.

தலையின் அசைவுக்கேற்பப் படத்தை மாற்றித் தரும் கணிப்பொறிக் கவசத்தை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லண்ட் 1968இல் செய்து காட்டினார். கூரையிலிருந்து தொங்கிய ஓர் உலோகக் கை தலையின் நிலையை அளந்தது. காட்டப்பட்ட படமோ வெறும் கோடுகளால் ஆன பெட்டி போன்ற உருவங்களே. எனினும் அவை அறையின் வெளியில் மிதப்பதாகவே தோன்றின. கோடுகளே போதுமாக இருந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

உடல் இதில் எத்துணைப் பங்கு வகிக்கிறது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரூக்ஸ், மேரி விட்டன் முதலிய அறிஞர்கள் ஒரு மெய்நிகர் அறையை அமைத்து, அதன் நடுவே ஏறத்தாழ 6 மீட்டர் ஆழமுள்ள குழி இருப்பதாகக் காட்டினர். குழியின் விளிம்பில் நின்றவர்களின் இதயத் துடிப்பு உயர்ந்தது. உண்மையில் அவர்கள் நின்றது சமதளத் தரையில்தான். பிறகு, விளிம்பு இருப்பதாகக் காட்டப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 4 செ.மீ. உயரமுள்ள ஒரு மரப் பலகையை வைத்தனர். பாதம் அந்தப் பலகையின் ஓரத்தை உணர்ந்ததும் இதயத் துடிப்பு மேலும் உயர்ந்தது. 2002இல் வெளியான இம்முடிவு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. படத்தில் ஒரு புள்ளியையும் கூட்டவில்லை; பாதத்திற்கு ஒரு சாட்சி கிடைத்தது. அதுவே அச்சத்தைக் கூட்டியது.

ஆஸ்மோஸ் இவ்வாய்வு முடிவு வெளிவருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே தோன்றியது. உடலின் சாட்சியை மரப் பலகையில் தேடாமல், மூச்சில் தேடியது என்பதே அதன் தனிச்சிறப்பு.

படைத்தவர்

ஷார் டேவிஸ் ஓவியராகத் தொழிலைத் தொடங்கியவர். பின்னர் மான்ட்ரியாலில் இயங்கிய 'சாஃப்ட்இமேஜ்' நிறுவனத்தின் தொடக்கக்கால இயக்குநர்களுள் ஒருவரானார். திரைப்படங்களுக்கான முப்பரிமாணப் பட மென்பொருளை ஆக்கிய நிறுவனம் அது. 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் கணிப்பொறிக் காட்சிகளில் அதன் மென்பொருள் பயன்பட்டது. ஆகவே, உண்மைபோலத் தோன்றும் கூர்மையான படங்களை ஆக்கும் கருவிகள் டேவிசின் கையருகிலேயே இருந்தன. அவற்றைக் கொண்டு அவர் செய்ய விரும்பியதோ நேர்மாறானது.

இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, அவருடைய கண்கள். அவருக்குக் கிட்டப்பார்வை மிகுதி. கண்ணாடியைக் கழற்றினால் பொருள்களின் விளிம்புகள் கரைந்து, ஒளியும் நிறமும் ஒன்றோடொன்று கலந்த ஓர் உலகம் தெரியும். குறைபாடு எனப் பிறர் ஒதுக்குவதை அவர் ஒரு பார்வை முறையாகவே எடுத்துக்கொண்டார். இரண்டாவது, கடலடி நீச்சல். காற்றுத் தொட்டியுடன் கடலில் இறங்கிப் பழகியவர் அவர். எப்பக்கமும் சூழ்ந்த ஒரு வெளியில், எடையின்றி மிதக்கும் அனுபவத்தையே தம் படைப்பின் அடித்தளமாக்கினார்.

இதனை அவர் தனியே செய்துவிடவில்லை. படங்களை ஜார்ஜ் மாரோவும், மெய்நிகர் மென்பொருளை ஜான் ஹாரிசனும், ஒலியமைப்பை டொரோட்டா பிளாஷ்சாக்கும், இசையை ரிக் பிட்லாக்கும் ஆக்கினர். ஓவியர், பொறியாளர், இசையறிஞர் ஆகிய முத்திறத்தார் கூடாமல் இத்தகைய வெளியை ஆக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

பன்னிரண்டு வெளிகள்

உள்ளே செல்பவர் தலையில் கவசத்தையும், உடலில் ஓர் உடுப்பையும் அணிகிறார். அவ்வுடுப்பில் உள்ள உணர்விகள் மார்பின் விரிவையும் முதுகெலும்பின் சாய்வையும் அளக்கின்றன. மூச்சை உள்ளே இழுத்தால் மெதுவாக மேலே எழலாம். வெளியே விட்டால் கீழே இறங்கலாம். உடலை முன்னே சாய்த்தால் முன்னும், பக்கவாட்டில் சாய்த்தால் அத்திசையிலும் நகரலாம். கையில் பிடிக்க எதுவும் இல்லை. அழுத்துவதற்குப் பொத்தானும் இல்லை.

முதலில் தெரிவது குறுக்கும் நெடுக்குமான கோடுகளால் ஆன ஒரு கட்டம். கணக்கு வகுப்பில் நாம் வரையும் ஆயத் தளத்தை எப்புறமும் நீட்டியது போன்றது அது. இங்கேதான் மூச்சைக் கொண்டு நகரப் பழக வேண்டும். சில மூச்சுகளுக்குப் பின் கோடுகள் மறைந்து, காட்டின் நடுவே ஒரு திறந்த வெளி தோன்றுகிறது. அதில் ஒற்றை மரம். அருகே ஒரு குளம். மரத்தை அணுகி அதன் இலைக்குள்ளேயே புகலாம். குளத்தில் இறங்கி ஆழத்திற்குச் செல்லலாம். தரையைக் கடந்து மண்ணுக்கடியில் வேர்களுக்கும் பாறைகளுக்கும் இடையே மிதக்கலாம். மேலே எழுந்தால் மேகம். இவற்றிற்கெல்லாம் அடியில், இப்படைப்பை இயக்கும் கணிப்பொறி நிரலின் வரிகளே தூண்தூணாக நிற்கும் ஓர் அடுக்கு உண்டு. அனைத்திற்கும் மேலே, இயற்கையையும் உடலையும் பற்றிய நூற்பகுதிகள் மிதக்கும் ஓர் அடுக்கும் உண்டு. இவ்வாறு மொத்தம் பன்னிரண்டு வெளிகள்.

ஒருவருக்கு அளிக்கப்படும் நேரம் 15 நிமிடம். நேரம் முடியும்போது, சுற்றியிருந்த உலகம் ஒளி ஊடுருவும் ஓர் உருண்டையாகச் சுருங்கி, எட்டாத தொலைவுக்கு மெல்ல மெல்ல விலகிச் செல்கிறது. திரும்பிப் போக வழியில்லை. ஒரு விளையாட்டு முடிந்தது என்ற உணர்வை விட, ஓர் இடத்தை விட்டுப் பிரிந்தோம் என்ற உணர்வைத் தரும் முடிவு இது.

மூச்சு ஏன்?

1980களில் மெய்நிகர் உலகங்களில் நகர்வதற்குப் பெரிதும் பயன்பட்டது கையுறை. உணர்விகள் பொருத்திய கையுறையை அணிந்து, விரலை ஒரு திசையில் நீட்டினால் அத்திசையில் பறக்கலாம். இன்று கையுறைக்குப் பதில் கைப்பிடிகள் வந்துவிட்டன. அடிப்படை மாறவில்லை. காட்டிய இடத்திற்குப் போ என்று கை ஆணையிடுகிறது. உடல் சும்மா நிற்கிறது. டேவிஸ் இம்முறையை வேண்டுமென்றே தவிர்த்தார். இதன் பொருத்தத்தை இயற்பியல், உடலியல் ஆகிய இரு வழிகளிலும் ஆராயலாம்.

கிணற்றில் நீந்தப் பழகியவர்கள் அறிவார்கள்: மூச்சை நன்றாக இழுத்து அடக்கினால் உடல் மிதக்கும், முழுதும் விட்டுவிட்டால் அமிழும். கடலடி நீச்சலில் இது இன்னும் நுட்பமாக நிகழ்கிறது. தொட்டியில் அடைத்துக்கொண்டு சென்ற காற்றே நுரையீரலுக்கு வருவதால் மொத்த எடை மாறுவதில்லை. ஆனால் மார்பு விரிவதால் உடலின் கன அளவு கூடுகிறது. ஆர்க்கிமிடீசின் விதிப்படி, கூடுதலாக விலக்கப்படும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமான மேல்நோக்கு விசை கிடைக்கிறது. இயல்பான ஒரு மூச்சில் அரை லிட்டர். ஆழ்ந்த மூச்சில் இரண்டு, மூன்று லிட்டர். தேர்ந்த நீச்சல்காரர் கைகால்களை அசைக்காமலேயே, மூச்சின் அளவை மாற்றி ஏறவும் இறங்கவும் செய்கிறார். ஆஸ்மோசின் மூச்சு விதி ஒரு கவிஞரின் கற்பனை அன்று. நீருக்குள் உடல் உண்மையாகவே கீழ்ப்படியும் விதி.

இனி, உடலியல். மலைப்பாதையில் பேருந்தில் செல்லும்போது புத்தகம் படித்தால் குமட்டுகிறது. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது; புத்தகத்தில் ஊன்றிய கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் எனப் பெரிதும் ஏற்கப்பட்ட கொள்கை கூறுகிறது. மெய்நிகர் உலகில் இது தலைகீழாக நிகழும். கண் பறப்பதாகச் சொல்லும். உட்செவி, நின்ற இடத்தில் நிற்பதாகச் சொல்லும். விரைவும் திடீர்த் திருப்பங்களும் கூடினால் முரண்பாடும் கூடும்.

ஆஸ்மோசில் நகர்வு மிக மெதுவானது. மேலும், முன்னே நகர உடலையே முன்னே சாய்ப்பதால், உட்செவி உணரும் சாய்வும் கண் காணும் நகர்வும் ஒரே திசையில் அமைகின்றன. மேலே எழும்போது மார்புத் தசைகள் விரிவதை உடல் உணர்கிறது. முரண்பாடு முற்றிலும் நீங்கிவிடவில்லை. கால்கள் தரையில்தான் உள்ளன. ஆனால் ஒவ்வோர் அசைவுக்கும் உடலின் பக்கமிருந்து ஒரு சாட்சி எழுகிறது. இது வடிவமைப்பின் வெற்றி.

மற்றொன்றும் உண்டு. மூச்சு தானாகவும் நிகழும். நாம் நினைத்தபடியும் நிகழும். பதற்றம் கொண்டவரின் மூச்சு குறுகி விரைவாகும். ஆஸ்மோசில் அவருடைய உலகமும் மேலும் கீழுமாக அலைபாயும். ஓரிடத்தில் நிலையாக மிதக்க வேண்டுமானால் மூச்சைச் சீராக்கியே தீரவேண்டும். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றே குறைவதும் உடலியல் அறிந்த செய்தி. ஆழத்திற்கு இறங்க விரும்புகிறவர் நீளமாக மூச்சை விடுகிறார். விடும்போதே உடலும் அமைதி அடைகிறது. 'அமைதியாக இரு' என்று எங்கும் எழுதி வைக்காமல், அமைதியாக இருப்பதையே நகரும் வழியாக்கி விட்டார் டேவிஸ். வெளியை வடிவமைப்பது என்பதன் உண்மையான பொருள் இதுவே எனலாம்.

மங்கலின் பயன்

1995இல் இப்படைப்பை இயக்கியது சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் 'ஆனிக்ஸ்' என்னும் பெருங்கணிப்பொறி. அன்று அது முதல் தரமானது. ஆயினும் இலைக்கு இலை நரம்பு தெரியும் காட்டை, தலை திரும்பும் வேகத்தில் வரைந்து தள்ளுவது அதற்கும் இயலாத செயல். அக்காலத்துக் கவசத் திரைகளும் குறைந்த புள்ளிகளே உடையவை. இந்நிலையில் உண்மைக் காட்டைப் போலச் செய்ய முயன்றவர்கள், அட்டையில் வெட்டிய மரங்களையே ஆக்க நேர்ந்தது.

டேவிஸ் போலி செய்ய முயலவில்லை. ஒளி பாதி ஊடுருவும் மெல்லிய படலங்களையும், மிதக்கும் ஒளித்துகள்களையும் அடுக்கினார். இதில் பார்வை பற்றிய அறிவியல் ஒன்று அடங்கியுள்ளது. ஒரு பொருள் மற்றொன்றை மறைத்தால், மறைப்பது முன்னே உள்ளது எனக் கண் உடனே தீர்மானிக்கிறது. ஆழத்தைக் காட்டும் குறிப்புகளுள் மிக வலுவானது இதுவே. எல்லாப் பொருள்களும் ஒளி ஊடுருவினால் இக்குறிப்பு தளர்கிறது. இலை முன்னா, கிளை முன்னா என்ற ஐயம் தீராமலே இருக்கிறது. இரு கண் பார்வையும், நகரும்போது அருகிலுள்ளவை விரைவாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் இடம் மாறுவதுமே ஆழத்தைச் சொல்கின்றன. ஆகவே, ஆழத்தை அறிய வேண்டுமானால் நகர வேண்டும். நின்று பார்ப்பவருக்கு மங்கலாகத் தெரிவது, நகர்பவருக்கு வெளியாக விரிகிறது. கருவியின் குறையைப் படைப்பின் இலக்கணமாக மாற்றிய திறமை பாராட்டத்தக்கது.

ஒலியும் இவ்வாறே. ஓர் ஆணின் குரலையும் ஒரு பெண்ணின் குரலையும் பதிவு செய்து, அவற்றைப் பலவாறு மாற்றியே இதன் ஒலிகளை ஆக்கினர். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான வேறுபாடு இருந்தாலும், அதைக் கொண்டு ஒலியின் திசையை நாம் அறிகிறோம். உள்ளே இருப்பவரின் இடம், திசை, வேகம் ஆகியவற்றிற்கேற்ப ஒலி மாறுவதால், மங்கலான காட்சிக்குக் காது துணை நிற்கிறது.

குறைகள்

இத்துணைச் சிறப்பும் உடைய படைப்பைக் குறை கூறுவது எளிதன்று; ஆயினும் கூறாமல் விடுவது திறனாய்வு ஆகாது.

முதலாவது, அதன் கொள்கைக்கும் செயலுக்கும் இடையே உள்ள முரண்பாடு. உலகைக் கோடுகளாகவும் எண்களாகவும் பிரித்து, மனிதனை வெளியே நிறுத்தி ஆளச் செய்யும் பார்வைக்கு டேவிஸ் எதிரானவர். பிரெஞ்சு அறிஞர் டேகார்ட்டின் பெயரால் வழங்கும் ஆயத் தளத்தைத் தொடக்கத்தில் காட்டி, பின்பு கரையச் செய்வதன் உட்பொருளும் இதுவே. ஆனால் அது உண்மையில் கரைந்துவிடுகிறதா? ஒவ்வோர் இலையும், ஒவ்வோர் ஒளித்துகளும் கணிப்பொறியின் நினைவகத்தில் மூன்று எண்களாகவே இருக்கிறது. மூச்சும்கூட மார்பின் சுற்றளவைக் குறிக்கும் ஓர் எண்ணாக மாறிய பின்னரே உலகை நகர்த்துகிறது. கட்டம் கண்ணிலிருந்து மறைந்தது, இல்லாமற் போகவில்லை. ஆயினும் இக்குறைக்கு ஓர் ஈடு உண்டு. காட்டின் அடியிலேயே நிரல் வரிகளைக் காணும்படி வைத்ததன் மூலம், இவ்வுலகம் எதனால் ஆனது என்பதை டேவிஸ் மறைக்கவில்லை. பிற்காலத்து மெய்நிகர் படைப்புகளுள் இந்த நேர்மையைக் காண்பது அரிது.

இரண்டாவது, இது எத்தகைய இயற்கை என்ற கேள்வி. இக்காட்டில் கொசு கடிப்பதில்லை, சேறு ஒட்டுவதில்லை, வெயில் சுடுவதில்லை, மண் மணப்பதும் இல்லை. கண்ணும் காதும் மூச்சும் இருக்க, மூக்கும் தோலும் வெளியே நிறுத்தப்பட்டன. கை இல்லாமையால் எதையும் ஒடிக்க முடியாது என்பது உயர்ந்த எண்ணமே. ஆனால் ஒடிக்க முடியாத இடத்தில், ஒடிக்காமல் இருப்பது ஒரு நற்பண்பாகாது. உண்மைக் காட்டில் நாம் காலடி வைத்தால் புல் மிதிபடுகிறது; ஆகவேதான் அங்கே நமக்குப் பொறுப்பு உண்டு. ஆஸ்மோஸ் காட்டின் அமைதியைத் தருகிறது. அதன் பொறுப்பைத் தரவில்லை. வெளியே வந்தவர் உண்மை மரத்தைப் புதிய கண்ணுடன் பார்த்தால் இப்படைப்பு தன் கடமையைச் செய்தது என்று பொருள். மரத்திற்கு மாற்றாக இதுவே போதும் என்று எண்ணினால், நோக்கம் தோற்றது என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, யாருடைய உடல் இதில் புக முடியும் என்பது. நிமிர்ந்து நின்று, முதுகைச் சாய்த்து, மார்பு விரிய மூச்சிழுக்கும் உடலையே இவ்வமைப்பு அளவுகோலாகக் கொண்டது. ஆஸ்துமா நோயாளிக்கு ஆழ்ந்த மூச்சு எளிதன்று. நிற்க இயலாதவருக்குச் சாய்தல் எளிதன்று. உடலைக் கருவியாக்கும் வடிவமைப்பாளர், உடல்கள் பலவகை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கைப்பிடியும் பொத்தானும் சிலருக்குத் தடை என்றால், மூச்சும் சிலருக்குத் தடையே.

நான்காவது குறையே மிகப் பெரிது. உள்ளே செல்பவர் ஒருவரே. ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் மணிக்கு நால்வர். இடைவிடாமல் எட்டு மணி நேரம் நடத்தினாலும் நாளுக்கு 32 பேர். கவசத்தையும் உடுப்பையும் மாட்டிக் கழற்றும் நேரத்தைச் சேர்த்தால் அதுவும் குறையும். ஏனையோர் வெளியே, இருண்ட கூடத்தில் காத்திருக்கின்றனர். அவர்களுக்காக இரு திரைகள். ஒன்றில், உள்ளே இருப்பவர் காணும் காட்சி தெரியும். மற்றொன்றின் பின்னே, அவருடைய உடலின் நிழல் சாய்வதும் நிமிர்வதும் தெரியும். அழகான ஏற்பாடுதான். மெய்நிகர் உலகத்திற்குள் போனவருக்கும் ஓர் உடல் உண்டு என்பதை அந்த நிழல் பார்வையாளருக்கு நினைவூட்டுகிறது. ஆனால் உள்ளே இருப்பவர் தம்மை எவரோ பார்க்கிறார்கள் என்பதை உணர்வதில்லை. அவருடைய தனிமையே பிறருக்குக் காட்சியாகிறது. ஆஸ்மோசைப் பற்றிப் பேசுவோரில் பெரும்பாலோர் அதனுள் சென்றவர்கள் அல்லர். நிழலையும் பதிவுப் படங்களையும் கண்டவர்களே. எல்லோரையும் சூழ வேண்டும் என்ற ஆசையில் பிறந்த வெளி, ஒருவரைச் சூழ்ந்து மற்றவரை வெளியே நிறுத்தியது.

காடும் குளமும் மனிதர் கூடும் இடங்கள். அங்கே ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சுட்டிக் காட்டுகிறார். 'அதோ பார்' என்கிறார். ஆஸ்மோசில் அவ்வாறு சொல்லக் கேட்பவர் இல்லை.

பின்வந்தவை

டேவிஸ் 1998இல் 'எஃபெமேர்' என்னும் அடுத்த படைப்பைத் தந்தார். மூச்சும் சாய்வும் அதிலும் தொடர்ந்தன; பருவங்கள் மாறுவதும், உடலின் உட்புறமும் புதிதாகச் சேர்ந்தன. 2010களின் நடுவில் ஓவன் ஹாரிஸ், நிக்கி ஸ்மிட் ஆகியோர் ஆக்கிய 'டீப்' என்னும் மெய்நிகர் விளையாட்டும் மூச்சால் நகர்வது. இடுப்பில் ஒரு பட்டை மூச்சை அளக்க, கடலடி போன்ற ஓர் உலகில் மிதக்கலாம். மனப்பதற்றத்தைத் தணிப்பதில் அது எவ்வளவு பயன்படும் என்று நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். விதை முளைத்தது என்பதற்கு இவை அறிகுறி.

ஆனால் பெருவழி வேறு திசையில் சென்றது. 2016க்குப் பின் கவசங்கள் வீட்டுப் பொருளாயின. அவற்றிற்கான விளையாட்டுகள் பலவற்றில் குமட்டலைத் தவிர்க்க 'தாவல்' என்னும் முறை வந்தது. 2020இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டிலும் இம்முறை உண்டு. போக வேண்டிய இடத்தைக் கைப்பிடியால் சுட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் அங்கே இருக்கிறோம். இடைப்பட்ட நகர்வே இல்லாததால் முரண்பாடும் இல்லை, குமட்டலும் இல்லை. சிக்கனமான தீர்வுதான். ஆனால் வழியும் போய்விடுகிறது. இங்கிருந்து அங்கே எவ்வளவு தொலைவு என்பதை உடல் அறியாமற் போனால், இடங்கள் அடுத்தடுத்த படங்களாகச் சுருங்கிவிடும். குமட்டலை நீக்க வழியை நீக்கியது ஒரு முறை. வழியை மெதுவாக்கி, அதற்கு உடலைத் துணையாக்கியது மற்றொரு முறை. இரண்டாவது கடினமானது. ஆயினும் அதுவே வெளியைக் காப்பாற்றுகிறது.

தெளிவான படத்திற்கு மதிப்பே இல்லை என்பது இதன் கருத்தன்று. அறுவை மருத்துவம் பயிலும் மாணவருக்கு நரம்பும் இரத்தக் குழாயும் கூர்மையாகத் தெரிய வேண்டும். விமானம் ஓட்டப் பயில்பவருக்கு ஓடுபாதையின் விளக்குகள் துல்லியமாகத் தெரிய வேண்டும். அங்கே கற்கப்படுவதே காட்சிதான். ஆனால் 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற உணர்வு காட்சியின் கூர்மையால் மட்டும் பிறப்பதில்லை.

இத்துறையில் ஈடுபட விரும்பும் இளைஞர்கள் ஒரு மெய்நிகர் அறையை வரையத் தொடங்கும் முன், தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்வது நல்லது. இங்கே நுழைபவரின் உடல் என்ன செய்யப் போகிறது? அந்தச் செயலுக்கு இவ்வுலகம் எவ்வாறு விடையளிக்கப் போகிறது? அவருடன் இங்கே வேறு யார் இருக்கப் போகிறார்கள்? முதல் இரு கேள்விகளுக்கு 1995லேயே ஆஸ்மோஸ் தந்த விடை இன்றும் வியக்கத்தக்கது. மூன்றாவது கேள்வியை அது விடையளிக்காமலே விட்டது. வலையமைப்பும் மலிவான கவசங்களும் பெருகிய இக்காலத்தில், பலர் ஒன்றாக மூச்சுவிட்டு மிதக்கும் ஒரு வெளியை ஆக்குவது கருவியளவில் கடினமன்று. ஆயினும் அதற்கு ஷார் டேவிசிடம் இருந்த பொறுமை வேண்டும். அவர் வெளியே நிறுத்திவிட்ட மற்றவர்களைப் பற்றிய அக்கறையும் வேண்டும்.